வீட்டில் ஓடும் சர்வர்: இணையத்தின் மறந்துபோன பாதி



நாளை வகுப்பில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நீங்க பார்க்கிற அகப்பக்கம் எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். "கைப்பேசியில இருக்கு", "கூகுள்ல இருக்கு", "மேகத்துல இருக்கு டீச்சர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். "யாரோ ஒருவருடைய கணினியில் இருக்கிறது" என்று சொல்லும் மாணவர் அபூர்வம். ஆனால் சரியான விடை அதுதான். அந்த 'யாரோ ஒருவர்' ஒரு பெரிய நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு பெட்டியாகவும் அது இருக்கலாம்.

உலகம் முழுவதும் பொழுதுபோக்காக இப்படி வீட்டிலேயே சர்வர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய கதை இணையத்தின் கதையிலேயே ஒரு முக்கியமான பாதி. பாடப்பொருளைத் தயாரித்து இணையத்தில் ஏற்றும் நமக்கும் அந்தக் கதையில் வேலை இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

வழங்கி என்பது இயந்திரம் அல்ல, வேலை

சர்வரைத் தமிழில் 'வழங்கி' என்கிறோம். பெயர் பொருத்தமானது. வழங்கி என்றால் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் கறுப்பு அலமாரிகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவையும் வழங்கிகள்தாம். ஆனால் வழங்கி என்பது ஒரு தனிச்சாதி இயந்திரம் அல்ல. அது ஒரு வேலை. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவரே அடுத்த பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்குவார். வாளியைத் தூக்கிய நிமிடத்தில் அவர் பரிமாறுபவர். கணினியும் அப்படித்தான். பக்கம் கேட்டால் அது வாசகர். கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தால் அது வழங்கி. உங்கள் மடிக்கணினி இரண்டையும் செய்யும்.

தொடக்கத்தில் இணையத்தை உருவாக்கியவர்கள் இப்படித்தான் நினைத்தார்கள். எல்லாரும் சாப்பிடலாம், எல்லாரும் பரிமாறலாம். இன்று நாம் ஏறக்குறைய எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற பக்கம் மட்டுமே இருக்கிறோம். இது எப்படி நடந்தது?

வலைக்கு முன்பே வீட்டில் ஒரு பலகை

வீட்டிலிருந்து பரிமாறும் பழக்கம் வலையைவிட மூத்தது. 1978 சனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கடும் பனிப்புயல் தாக்கியது. வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லை. வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரண்டு கணினி ஆர்வலர்கள் அந்த நாள்களில் ஒரு திட்டம் போட்டார்கள். கணினிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையைத் தொலைபேசி வழியாகப் படிக்கிற மாதிரி செய்தால் என்ன? அதே ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அது இயங்கத் தொடங்கியது. மென்பொருளை எழுதியவர் கிறிஸ்டென்சன், வன்பொருளைச் சேர்த்தவர் சூஸ். பெட்டி ஓடியது சூஸின் வீட்டில். ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரலாம். அவர் வைத்த பிறகுதான் அடுத்தவர்.

சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அதைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீடுகளில் இப்படிப்பட்ட பலகைகளைத் திறந்தார்கள். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் 'ஃபைடோநெட்' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். தொலைபேசிக் கட்டணம் குறைவான இரவு நேரத்தில் ஒரு வீட்டுக் கணினி இன்னொரு வீட்டுக் கணினியை அழைத்து, அன்றைய கடிதங்களைக் கைமாற்றிக் கொடுத்துவிடும். அதுவும் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். 1990களின் நடுவில் 30,000க்கும் மேற்பட்ட பலகைகள் இதில் இணைந்திருந்தன. இவற்றில் மிகப் பல, தனிமனிதர்கள் சொந்தக் காசில் தொலைபேசிப் பில் கட்டி நடத்தியவை. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. சும்மா, ஆசைக்குச் செய்தார்கள்.

"இதை அணைக்காதீர்கள்"

இனி வலைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990 இறுதியில் உலகின் முதல் வலை வழங்கியை ஓட்டினார். அது அவருடைய மேசையில் இருந்த 'நெக்ஸ்ட்' கணினிதான். இது வழங்கி, அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதிய ஒரு சீட்டை அதன்மேல் ஒட்டியிருந்தார். யாராவது போகிற போக்கில் சுவிட்சைத் தட்டிவிட்டால் உலகத்தின் வலை முழுவதும் நின்றுவிடும்! வகுப்பில் சொல்ல இது நல்ல கதை. அந்தச் சீட்டோடு கணினியின் படமும் இணையத்தில் கிடைக்கிறது. காட்டுங்கள்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவியில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், திருத்தவும் முடியும். வாசிப்பதும் எழுதுவதும் ஒரே சன்னலில். பிறகு பரவலான உலாவிகளில் திருத்தும் வசதி விடுபட்டுப் போனது. வலையின் ஒரு பாதி அங்கேயே கொஞ்சம் மறைந்தது.

1993 ஏப்ரல் 30ஆம் நாள், வலைத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 500க்கும் மேற்பட்ட வழங்கிகள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்தன. வழங்கி வீட்டுக்குள் வர இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. முதலாவது, சாதாரண வீட்டுக் கணினியில் ஓடக்கூடிய இலவச இயங்குதளம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் அதைக் கொடுத்தது. இரண்டாவது, இலவச வழங்கி மென்பொருள். அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி மென்பொருள் அப்போது பரவலாக இருந்தது. 1994இல் அவர் அங்கிருந்து விலகியதும் அதைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்குள் ஒட்டுத் திருத்தங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'அப்பாச்சி'. முதல் வெளியீடு 1995 ஏப்ரலில் வந்தது. ஓராண்டுக்குள் உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட வழங்கி மென்பொருளாக அது மாறியது.

இதன் பொருள் என்ன தெரியுமா? பெரிய நிறுவனம் ஓட்டிய அதே மென்பொருளை ஒரு மாணவர் தன் படுக்கையறையில் இருந்த பழைய கணினியிலும் ஓட்டலாம். காசு கொடுக்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம்.

ஒருவழிப் பாதையான வீட்டு லைன்

மென்பொருள் கைக்கு வந்தது. ஆனால் லைன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

மோடம் காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மலேசியாவில் ஜாரிங், சிங்கப்பூரில் சிங்நெட் என்று நாம் இணையத்துக்குள் நுழைந்த காலம். கீச்சென்று சத்தம் போட்டு இணைப்பு கிடைப்பதற்குள், "யாரு போன எடுத்தது? வை!" என்று வீட்டில் ஒரு சண்டையே நடக்கும். 1998இல் வந்த வி.90 மோடம் தரத்தைப் பாருங்கள். நம் வீட்டுக்கு வரும் தரவுக்கு வினாடிக்கு 56 கிலோபிட் வரை. நாம் அனுப்பும் தரவுக்கு 33.6 கிலோபிட்தான். அடுத்து வந்த ஏடிஎஸ்எல் அகலக்கற்றையில் ஏற்றத்தாழ்வு இன்னும் பெரிது. மலேசியாவில் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பெயரில் நாம் அறிந்தது இந்தத் தொழில்நுட்பம்தான். 1999ஆம் ஆண்டுத் தரத்தில் இறக்கம் ஏறத்தாழ 8 மெகாபிட் வரை, ஏற்றம் ஏறத்தாழ 1 மெகாபிட் வரை. ஏடிஎஸ்எல் என்ற பெயரின் முதல் எழுத்தே 'சமச்சீரற்ற' என்பதைத்தான் குறிக்கிறது. வீட்டில் இருப்பவர் வாங்குபவர், கொடுப்பவர் அல்லர் என்று கம்பியிலேயே முடிவு செய்துவிட்டார்கள். சதி என்று சொல்ல முடியாது. மக்கள் அதிகம் செய்தது படிப்பதும் பதிவிறக்குவதும்தானே. ஆனால் முடிவு முடிவுதான்.

அடுத்த தடை முகவரி. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண் முகவரி வேண்டும். பழைய முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். அதனால் சேவை நிறுவனங்கள் வீட்டுக்கு நிலையான எண் தராமல், இணையும்போதெல்லாம் வேறு வேறு எண்ணைக் கொடுத்தன. ஆர்வலர்கள் அதற்கும் வழி கண்டார்கள். 1990களின் இறுதியில் 'மாறும் டிஎன்எஸ்' சேவைகள் வந்தன. வீடு எத்தனை முறை எண் மாறினாலும் பெயர் மாறாது. பெயரைச் சொன்னால் புதிய எண்ணுக்கு அது வழி காட்டும்.

பிறகு ரவுட்டர் வந்தது. வீட்டுக்கு ஒரே முகவரி, உள்ளே பத்துக் கருவிகள். இதை அடுக்குமாடிக் குடியிருப்போடு ஒப்பிட்டு மாணவர்களுக்கு விளக்கலாம். நுழைவாயிலில் ஒரு காவலர் இருக்கிறார். உள்ளிருந்து வெளியே போனவர் திரும்பி வந்தால் விடுவார். வெளியாள் திடீரென்று வந்தால், "எந்த வீட்டுக்குப் போறீங்க?" என்று நிறுத்திவிடுவார். "80ஆம் எண்ணைக் கேட்டு வந்தால் என் வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று காவலரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வீட்டில் வழங்கி வைத்திருப்பவர் ரவுட்டரில் செய்கிற அந்த அமைப்புக்கு 'போர்ட் ஃபார்வர்டிங்' என்று பெயர்.

2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பிலிருந்த பழைய முறை முகவரிகள் தீர்ந்தன. ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டார்கள். அதன்பின் பல சேவை நிறுவனங்கள் பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரியின் பின்னால் வைத்தன. அதாவது காவலர் உங்கள் கட்டடத்தில் இல்லை, தாமான் நுழைவாயிலில் இருக்கிறார். அவரிடம் நீங்கள் எதுவும் சொல்லி வைக்க முடியாது. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் தருகிற அளவுக்குப் பெரியது. அது பரவப் பரவ இந்தச் சிக்கல் குறையும்.

ஆபத்தும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 2001 சூலை 19ஆம் நாள் 'கோட் ரெட்' என்ற கணினிப் புழு, மைக்ரோசாஃப்ட் வழங்கி மென்பொருளில் இருந்த ஒரு ஓட்டை வழியாகப் பரவியது. 14 மணி நேரத்துக்குள் 359,000க்கும் மேற்பட்ட கணினிகளைத் தொற்றியது. அவற்றில் வீடுகளிலும் சிறு கடைகளிலும் இருந்த கணினிகள் ஏராளம். தங்கள் கணினியில் ஒரு வழங்கி ஓடுகிறது என்பதே தெரியாமல் இருந்தவர்களும் உண்டு. இதன்பின் சில சேவை நிறுவனங்கள் வீடுகளுக்குள் வரும் 80ஆம் கதவை மூடிவிட்டன. கதவைத் திறந்து வைத்தால் பூட்டையும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம்.

இரவல் வீட்டில் வைத்த பொருள்

வீட்டிலிருந்து பரிமாறுவது சிரமம் என்றானதும், மக்கள் என்ன செய்தார்கள்? இலவசமாக இடம் தருகிறேன் என்று சொன்ன இடத்துக்குப் போனார்கள். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் அதில் பெரிய பெயர். யாகூ நிறுவனம் 1999இல் அதை வாங்கியது. தமிழ்ப் பக்கங்களும் அங்கே இருந்தன. 2009 அக்டோபர் 26ஆம் நாள் அது மூடப்பட்டது. கோடிக்கணக்கான பக்கங்கள் அங்கே இருந்தன. தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் படியெடுத்ததால் ஒரு பெரும்பகுதி தப்பியது. மற்றவை போயே போயின.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. மலேசியப் பள்ளிகளில் ஃபுரோக் விஎல்இ தளத்தில் பாடங்களை ஏற்றியவர்கள் நீங்கள். 2019 நடுவில் அது நிறுத்தப்பட்டது. கூகுள் கிளாஸ்ரூம் அதன் இடத்துக்கு வந்தது. புதிய தளம் நல்லதா, பழையது நல்லதா என்பது வேறு பேச்சு. ஏற்றிய பாடத்தின் மூலப்படி தன் கையில் இருந்த ஆசிரியர் அதைப் புதிய தளத்துக்குக் கொண்டுபோனார். தளத்தில் மட்டுமே வைத்திருந்தவர் பாடு? நாளைக்கு வேறொரு தளம் வரும். அப்போதும் இதே கேள்விதான் வரும்.

35 டாலர் கணினி

2012 பிப்ரவரி 29ஆம் நாள் இங்கிலாந்தில் ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. வங்கி அட்டை அளவில் ஒரு முழுக் கணினி, விலை 35 அமெரிக்க டாலர். இதன் பின்னணி ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வந்தவர்களிடமும் கணினியை நோண்டிப் பார்த்த அனுபவம் குறைவாக இருந்தது. அதைக் கண்டு கவலைப்பட்ட எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும், பிள்ளைகள் பயமில்லாமல் உடைத்துப் பழக ஒரு மலிவான கணினியைச் செய்தார்கள். அது பள்ளிக்காகப் பிறந்த கருவி. வீட்டு வழங்கி ஆர்வலர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள்.

காரணம் மின்சாரம். வழங்கி என்றால் இரவும் பகலும் ஓட வேண்டும். 100 வாட் பழைய மேசைக்கணினி ஒரு மாதம் ஓடினால் 72 யூனிட் மின்சாரம். முதல் ராஸ்பெரி பை எடுத்தது ஏறத்தாழ 3.5 வாட். மாதத்துக்கு இரண்டரை யூனிட்தான். கணக்குப் பாடத்துக்கே இது ஒரு கேள்வி ஆகும்.

மீதி இருந்த தடைகளும் கொஞ்சம் இறங்கின. மலேசியாவில் 2010இல் யூனிஃபை ஒளியிழை இணைப்பு வந்தபின் ஏற்ற வேகம் கூடியது. பக்கம் பாதுகாப்பாக இருக்கிறது என்று காட்டும் சான்றிதழை முன்பெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற பொதுநல அமைப்பு அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

தமிழுக்கு இதில் என்ன?

தமிழ் இணையத்தின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி அவர்கள்தாம் அவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் அடங்கிய ஒரு தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். தமிழ் எழுத்து அதில் ஏறுவதற்கு உழைத்தவர் கோவிந்தசாமி. வழங்கி இருந்த இடம் பல்கலைக்கழகம். ஆனால் வேலையைச் செய்தவர் வாசகராக மட்டும் இருக்கச் சம்மதிக்காத ஓர் ஆசிரியர்.

இன்னொரு உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களும் நண்பர்களும் தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதன் பலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம் என்பதால் ஒரே நூல் பல இடங்களில் இருக்கிறது. ஓர் இடம் போனாலும் நூல் போகாது. பழைய எழுத்துக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கும் அவை மாறி வந்துவிட்டன. அதே காலத்தில் தனியொருவர் தன் எழுத்துரு ஒன்றில் எழுதி மாற்றாமல் விட்ட பக்கங்களை இன்று திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும்.

ஆகவே வீட்டு வழங்கிதான் நிரந்தரம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை நடத்துபவர் வீடு மாறினால், ஆர்வம் குறைந்தால், காலமானால் அதுவும் நின்றுவிடும். ஒரே வீட்டில் ஒரே படி இருப்பதும் ஆபத்துதான். சொல்ல வருவது இதுதான்: எழுதியவர் கையில் மூலப்படி, அதைத் தானே பரிமாறத் தெரிந்த அறிவு, பல இடங்களில் பிரதி. இந்த மூன்றும் இருந்தால் எந்தத் தளம் மூடினாலும் நம் பாடம் மூடாது.

வகுப்பில் செய்து பார்க்க

இதற்கு ராஸ்பெரி பைகூட வேண்டாம். ஒரு மடிக்கணினி போதும். பைதான் மென்பொருளோடு ஒரு குட்டி வழங்கி சேர்ந்தே வருகிறது. ஒரே வரிக் கட்டளையில் அது ஓடத் தொடங்கும்.

1. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊரைப் பற்றி ஒரு தமிழ்ப் பக்கம் எழுதட்டும். எழுத்து யூனிகோடில் இருக்கட்டும்.

2. மடிக்கணினியில் வழங்கியை ஓட்டுங்கள். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியையும் இன்னொரு கைப்பேசியையும் இணையுங்கள். இரண்டாவது கைப்பேசியின் உலாவியில் மடிக்கணினியின் எண் முகவரியைத் தட்டினால் பக்கம் வரும்.

3. இப்போது ஹாட்ஸ்பாட் கைப்பேசியில் மொபைல் டேட்டாவை மட்டும் நிறுத்துங்கள். பக்கம் அப்போதும் வரும். "எப்படி வருது?" என்று மாணவர்களையே கேளுங்கள்.

4. கடைசியாக வழங்கியை நிறுத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். வராது. செர்ன் கணினியில் ஒட்டியிருந்த சீட்டின் அர்த்தம் அப்போது புரியும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. வகுப்புக்குள் செய்வது பாதுகாப்பானது. வீட்டிலிருந்து உலகத்துக்கே திறக்க விரும்பினால், மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். மாணவர்களின் பெயர், படம், மதிப்பெண் எதையும் அதில் வைக்காதீர்கள். பாடக்குறிப்பு, பயிற்சித்தாள், உங்கள் சொந்தக் கட்டுரை போதும்.

மாணவர் ஒருவர், "சார், நம்ம பக்கம் இந்தப் பெட்டியிலதான் இருக்கு!" என்று கைநீட்டிக் காட்டினால் பாடம் வெற்றி. முயன்று பாருங்கள்.